பட்டியும் பட்டாவும்

எங்க அம்மாவுக்கு 2013-ல் அரசாங்கம் நாலு ஆடு கொடுத்தது. 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் வந்தவை. ஏழு லட்சம் குடும்பம், குடும்பத்துக்கு நாலு ஆடு என்று அறிவித்திருந்தார்கள். பயனாளிக்குச் சொந்த நிலம் இருக்கக் கூடாது என்பது முக்கியமான தகுதி. அந்தத் தகுதியில் அம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. சந்தையிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து திண்ணை ஓரம் கட்டினாள். காதில் குத்தியிருந்த வில்லையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “ஆட்ட குடுத்துட்டாங்க. எங்கடா மேய்க்கறது?”

இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷ வயசு. கேட்டவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆட்டை விற்று அவர்கள் படிக்க வைத்த நான் எழுதுகிறேன். என்னிடம் இருக்கிற சான்றுகள் இரண்டு வகை. ஒன்று, சர்க்கார் போட்ட சட்டங்களும் ஆணைகளும். இன்னொன்று, எங்க ஆயா வாயால் சொன்னது. முதல் வகையை மட்டும்தான் வரலாறு என்று ஒத்துக்கொள்வேன் என்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் சேரி மதுராந்தகம் வட்டத்தில் இருக்கிறது. ரெட்டமலை சீனிவாசன் பிறந்த கோழியாளமும் இந்த வட்டம்தான். ஏரிப்பாசன ஊர். நஞ்சை முழுக்க ஊர்க்காரர்களுடையது. தாத்தா மிராசுதார் வீட்டில் படியாள். களத்தில் எல்லாருக்கும் அளந்த பிறகு மிச்சத்தில் அளக்கும் நெல்தான் அவருடைய கூலி. காசு என்று வீட்டுக்குள் வந்ததெல்லாம் ஆயாவின் ஆட்டால் வந்தது.

ஆயா முதல் ஆட்டை விலைக்கு வாங்கவில்லை, வாரத்துக்குப் பிடித்தாள். ஊர்க்காரர் ஒரு பெட்டை ஆடு கொடுப்பார். வளர்ப்பது நாம். இரண்டு குட்டி போட்டால் ஒன்று அவருக்கு, ஒன்று நமக்கு. ஒற்றைக் குட்டியானால் முதல் ஈத்து அவருக்கு, அடுத்தது நமக்கு. தாய் ஆடு என்றைக்கும் அவருடையது. நோயில் செத்தால் தோலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நாம் அறுத்துத் தின்றுவிட்டதாகக் கணக்கு. இப்படி ஒரே ஒரு வெள்ளாட்டில் ஆரம்பித்து எட்டு வருஷத்தில் இருபத்திரண்டு சொந்த ஆடு சேர்த்தாள்.

வீட்டில் எல்லாருக்கும் இதில் வேலை உண்டு. மேய்க்கிறது ஆயா. கழனி வேலை முடிந்து வரும்போது தழைக்கட்டு கொண்டுவருகிறது அம்மா. கொட்டில் பெருக்கி எருவைக் குவிப்பது அத்தை. பள்ளிக்கூடம் விட்டதும் தொரட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவது நான். விற்கும்போது மட்டும் தாத்தா முன்னால் நிற்பார். தரகர் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். ஆனால் எந்த ஆட்டை விற்பது, ஆடிக்கு விற்பதா தீபாவளி வரைக்கும் நிறுத்துவதா என்பதெல்லாம் ஆயாவின் தீர்மானம். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது இரண்டு கடாவின் விலையில். கணக்கெடுக்க வந்தவர்கள் தாத்தாவை விவசாயக் கூலி என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆயாவுக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை.

ஏன் ஆடு? பசு மாடு வளர்த்திருக்கலாமே என்று நகரத்துத் தோழர் ஒருவர் கேட்டார். இதற்கு ஆயாவே பதில் சொல்லியிருக்கிறாள்: “பால்ல தீட்டு இருக்குது, கறியில தீட்டு இல்ல.” எங்கள் வீட்டுப் பாலை எந்த டீக்கடைக்காரன் வாங்குவான்? கடாவை வாங்குகிறவர் வெளியூர் பாய். அவருக்கு எடைதான் முக்கியம், எந்தத் தெருவில் வளர்ந்தது என்பது முக்கியமில்லை. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. 2001-02-ல் பதினோரு மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 2006-ல் அது புத்தகமாக வந்தது. பால் கூட்டுறவுச் சங்கம் இருந்த கிராமங்களில் கிட்டத்தட்ட பாதியில், 47 விழுக்காட்டில், தலித்துகள் பால் ஊற்ற முடியவில்லை என்கிறது அது. மதுரைப் பக்கம் சில ஊர்களில் சேரிக்காரர் ஆண் நாய் வளர்க்கத் தடை இருந்ததும் வெளியே வந்த செய்திதான். யார் எந்த மிருகத்தை வளர்க்கலாம் என்பதையும் சாதிதான் முடிவு செய்தது. சாதியின் சந்தைக்கு வெளியே விலைபோகிற ஒரு ஜீவன் என்பதால் ஆடு எங்களுடையதாயிற்று.

ஆனால் ஆடு காற்றைத் தின்று வளராது. வெள்ளாட்டுக்கு ஐந்து மாதம் சினை. மேய்ச்சல் நன்றாக இருந்தால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து எடுக்கலாம். மேய்ச்சல் இல்லாவிட்டால் பால் சுண்டி, குட்டி தாயின் காலடியிலேயே சாகும். இந்தத் தொழிலுக்கு மூலதனம் புல்தான். தை மாசியில் சம்பா அறுத்த தாளில் மேயும், கழனிக்காரர் மனசு வைத்தால். சித்திரை வைகாசியில் ஏரி வற்றினால் உள்வாயில் கோரையும் அறுகும், கரையில் கருவேல நெற்றும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே விட முடியாது, ஒடித்துவந்த தழைதான். மற்ற மாதங்களுக்கெல்லாம் மேய்க்கால் புறம்போக்கு. பெயருக்கு அது ஊர்ப் பொது. எங்கள் ஊரில் ‘ஊர்’ என்றால் சேரி சேராது. ஊர்க் குளத்தில் ஆடு வாய் வைத்தால் தீட்டில்லை, ஆயா கை வைத்தால் தீட்டு. 1927-ல் மகாதில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது இந்த நியாயத்தை எதிர்த்துத்தான்.

மேய்ச்சலை ஆள்வதற்கு ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆயுதம் இருந்தது. பவுண்டு. 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் கால்நடை அத்துமீறல் சட்டம் போட்டது. பயிரில் புகுந்த ஆடு மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்கலாம். உடையவர் தலைக்கு இவ்வளவு என்று அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்க வேண்டும். மீட்காவிட்டால் ஏலம். சட்டத்தில் சாதி இல்லை. பிடிக்கிற கையில் இருந்தது. ஊர் மாடு வரப்பில் மேய்ந்தால் “ஓட்டி விடுடா” என்பார்கள். சேரி ஆடு வரப்பில் நின்றாலே பவுண்டு.

இனி நிலத்தின் கதைக்கு வருகிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசுதார்கள் தங்கள் பட்டா நிலத்தோடு நிற்கவில்லை, தரிசின் மேலும் பாத்தியதை கொண்டாடினார்கள். யாராவது தரிசு கேட்டு தர்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது, அதனால் வாயைத் திறந்தால் வீடும் போகும் என்ற நிலைமையை அவர் பதிவு செய்தார். நிலம் கொடு, மனை கொடு, பள்ளிக்கூடம் கொடு என்றார். 1892-ல் ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் சொல்லும் நிலங்களின் தொடக்கம் அது. முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத்தான் விற்கலாம் என்பது இவற்றுக்கு விதித்த நிபந்தனை.

எங்கள் ஊரில் நடந்ததை ஆயா சொல்வாள். சேரியார் தரிசு கேட்டபோது ஊர்க்காரர்கள் “அது மாடு மேய்ற எடம், குடுத்தா எங்க மாடு எங்க போவும்?” என்று ஆட்சேபித்தார்களாம். சரி, மேய்ச்சல் நிலமாகவே இருக்கட்டும் என்று ஆட்டை ஓட்டினால் “எங்க மேய்க்கால்ல உனுக்கு இன்னா வேல?” என்றார்களாம். உழக் கேட்டால் அது மேய்ச்சல் நிலம், மேய்க்கப் போனால் அது அவர்கள் நிலம்!

இதையும் தாண்டி 1930-களில் தாத்தாவின் அப்பா பேருக்கு 1 ஏக்கர் 40 சென்ட் டி.சி. நிலம் கிடைத்தது. கிணறு கிடையாது. கல்லும் முள்ளும் கலந்த மேடு. மானாவாரியாகக் கொஞ்சம் வரகும் கொள்ளும் போட்டார்கள். மீதி புல். ஆயாவின் இருபத்திரண்டு ஆடும் அந்த மேட்டை நம்பித்தான் பெருகின. மழைக் காலத்தில் கிளுவை வேலித் தழை, கோடையில் குடைவேல நெற்று. யாரையும் கெஞ்சாமல் மேய்த்த ஒரே இடம்.

1968-ல் அத்தை கல்யாணத்துக்கு மிராசுதார் வீட்டில் முந்நூறு ரூபாய் வாங்கினார்கள். தாத்தா கைநாட்டு வைத்தார். கடன் பத்திரம் என்று சொல்லித்தான் வைக்கச் சொன்னார்கள். அது என்ன பத்திரம் என்பது பின்னால்தான் தெரிந்தது. நிபந்தனைப்படி அந்த விற்பனையே செல்லாது. ஆனால் 1979-லிருந்து 1987 வரை தமிழ்நாடு முழுக்க யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாடு நடந்தது. புதுக் கணக்கு வந்தபோது எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே டி.சி. என்ற எழுத்தைக் காணோம். மிராசுதார் மகனின் பேர் இருந்தது. எழுதியவரை யாரும் கேட்கவில்லை. சேரியில் யாருக்கும் நோட்டீஸ் வந்ததாக நினைவில்லை.

1988-ல் அந்த மேட்டைச் சுற்றிக் கல்கால் நட்டுக் கம்பி இழுத்தார்கள். ஆட்டுக்குப் பட்டா தெரியுமா? பழகின இடம். கம்பிக்கு அடியில் நுழைந்துவிட்டது. பதினாலு ஆட்டையும் பிடித்துப் பவுண்டில் அடைத்தார்கள். ஆயா ஓடிப்போய்க் கேட்டாள்: “ஆண்டே, எங்க மாமனார் நெலம் ஆண்டே அது.” மிராசுதார் மகன் சொன்னார்: “நிலம் உன்னுதுன்னா காயிதம் காட்டுடி.” ஆயா ஒரு கடாவை அவசர விலைக்கு விற்று அபராதம் கட்டினாள். எங்கள் நிலத்தில் மேய்ந்ததற்கு எங்கள் ஆட்டுக்கு நாங்கள் கட்டிய அபராதம். அன்றைக்குத்தான் ஆயா முதல் தடவையாக என்னைப் பார்த்து, “நீ படிச்சி இன்னா பிரயோசனம்?” என்றாள்.

மிச்ச ஆடுகளை நோய் கொண்டுபோனது. மூக்கிலும் கண்ணிலும் நீர், வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். கால்நடை மருத்துவர் ஊரோடு திரும்பினார், சேரிக்கு வரவில்லை. ரொம்ப வருஷம் கழித்துப் படித்தேன். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியிலிருந்து பின்னால் தடுப்பூசியும் செய்தார்கள். எங்கள் ஆடுகள் அந்த நோயில்தான் செத்தனவா என்று சொல்ல எந்தப் பதிவும் இல்லை. பதிவு செய்ய யாரும் வரவில்லை.

பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியும். காரணையில் பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். அது அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரை விட்டார்கள். அன்று கூட்டத்தில் நானும் நின்றேன். என் சட்டைப்பையில் எங்கள் சர்வே எண் எழுதிய துண்டுத்தாள் இருந்தது.

2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு கொடுத்த குத்தகை போன்றவற்றை விதிவிலக்காகக் கருதலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. எங்கள் பக்கத்தில் அளக்க வந்தவர்கள் முதலில் அளந்தது ஏரிக்கரை ஓரத்துக் குடிசைகளை. மேய்க்காலைச் சேர்த்து வேலி போட்டவர்களின் தோப்புக்குள் சங்கிலி போகவில்லை.

அதே வருஷம்தான் ஆடு கொடுக்கும் திட்டமும் வந்தது. ஆடு கொடுத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். வாரத்துத் தோலைக் காட்டி வாழ்ந்த குடும்பத்துக்கு, ஒரு பெண்ணின் பேரில் சொந்த ஆடு என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நிலமில்லாதவளாகப் பார்த்து ஆட்டைக் கொடுத்தவர்கள், அவள் ஏன் நிலமில்லாதவள் ஆனாள் என்று கேட்கவில்லை. அம்மா ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மேய்த்தாள். ஒன்று லாரியில் அடிபட்டது. ஒன்றை வைத்தியத்துக்கு வழியில்லாமல் விற்றாள். மீதி இரண்டும் குட்டி போட்டு ஆறானபோது, தழை ஒடிக்க உடம்பு முடியாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள்.

பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் நாம் உழுகிற நிலத்தைப் பற்றியே பேசிவந்திருக்கிறோம். மேய்ச்சலையும் சேர்த்துப் பேச வேண்டும். மேய்க்கால் புறம்போக்கில் சேரிப் பெண்களுக்கு எழுத்து மூலமான மேய்ச்சல் உரிமை வேண்டும். அது இல்லாமல் கொடுக்கிற ஆடு நாலு மாதத்துத் தீபாவளிச் செலவுக்குத்தான் ஆகும்.

நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி அம்மா பேரில் மனுப் போட்டிருக்கிறோம். பழைய டி.சி. பட்டா எங்களிடம் இல்லை. கூரை எரிந்தபோது போய்விட்டது. அந்த மேட்டில் நாங்கள் ஆடு மேய்த்தோம் என்பதற்கு ஒரே ஒரு காகிதம்தான் மிச்சம். 1988-ல் பவுண்டில் கொடுத்த சீட்டு. ஆயாவின் பேர், பதினாலு வெள்ளாடு, எந்த சர்வே எண்ணில் பிடித்தது என்ற விவரம், கட்டிய அபராதம் எல்லாம் அதில் இருக்கிறது. மனுவோடு அதன் நகலை இணைத்திருக்கிறேன். அசல் அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.