கோலியும் மூடியும்

சோடா பாட்டிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கவிதைக்கும் கதைக்கும் தருகிற கவனத்தில் ஒரு துளியைக்கூட நாம் புழங்குபொருள்களுக்குத் தந்ததில்லை. ஆனால் பொருளும் ஒரு பிரதிதான். யார் சம்பாதிப்பது, யார் சுமப்பது, மிச்சத்தை யார் அள்ளுவது என்பதெல்லாம் அதன் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஹிரம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1872இல் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் ஊரில் கோலி சோடா ஆயிற்று. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். அவ்வளவுதான். பாட்டிலைத் தலைகீழாக்கி நிரப்புவார்கள். உள்ளே அடைபட்ட வாயு கோலியை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடைபட்டதே அடைப்பதற்கான விசையையும் தருகிறது. கோலியை அமுக்கினால் இறங்கிக் கழுத்தின் இடுக்கில் நின்றுவிடும். குடித்து முடித்தபின் எறிவதற்கு எதுவும் இல்லை.

காட் சுற்றுச்சூழல்வாதி அல்ல, வியாபாரிதான். கண்ணாடி விலை அதிகம்; பாட்டில் திரும்பி வந்தால்தான் கட்டுப்படியாகும். கடை வாசலில் நின்றே குடிப்பது, சைக்கிளில் கட்டிய மரப்பெட்டி, கழுவும் தொட்டி எல்லாம் அந்தக் கணக்கின் தொடர்ச்சி. சிறு முதலில், கையால் சுற்றும் இயந்திரத்தோடு, ஊருக்கு ஒருவர் சோடாக் கம்பெனி நடத்த முடிந்தது. பாட்டில் தூரம் போகவில்லை. ஆகவே லாபமும் தூரம் போகவில்லை.

இதன் எதிர்முனை, அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற தகர மூடி. ஒருதரம் திறந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அந்த மூடிக் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர்தான் பின்னாளில் தூக்கியெறியும் சவர பிளேடை விற்ற கிங் கேம்ப் கில்லெட் என்பது தற்செயல் அல்ல. எறிய வைப்பதே வியாபாரம் என்ற தத்துவம் இங்கே உருக்கொள்கிறது. என்றாலும் தகர மூடி போட்ட பாட்டில்களும் நெடுங்காலம் கடைக்குத் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. 1973இல் நாதேனியல் வைத் காப்புரிமை பெற்ற பெட் பாட்டில் வந்தபின் அதுவும் போயிற்று. கழுவும் செலவும் திருப்பிக் கொண்டுவரும் செலவும் கம்பெனிக் கணக்கிலிருந்து மறைந்தன. மறைந்தன என்றால் இல்லாமல் போகவில்லை. நகராட்சியின் கணக்கிலும் துப்புரவுத் தொழிலாளியின் முதுகிலும் ஏறிக்கொண்டன.

இதைப் பழம்பெருமையாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோலிக்காகப் பையன்கள் பாட்டிலை உடைத்தார்கள்; கலவரம் என்றால் சோடா பாட்டில்தான் பறந்தது. தவிரவும், எறிவதை மேற்கிடமிருந்து மட்டும் நாம் கற்கவில்லை. யார் வாய் பட்டதோ என்ற எச்சில் பயம் இங்கே சாதியின் பயம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த சமூகம் இது. ஒரே பாத்திரம் பல வாய்களுக்கு என்பது பொறியியல் பிரச்சினை மட்டுமல்ல என்பதை மறுபயன்பாடு பேசுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, மார்ச் முதல் தேதியிலிருந்து அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது கோலி சோடா மறுபடி பேச்சில் வந்தது. நல்லதுதான். ஆனால் இன்று பிளாஸ்டிக் உடம்பில் கோலி பொருத்திய பாட்டில்களும் சந்தைக்கு வந்துவிட்டன. கோலி இருக்கிறது, 'டப்' என்ற சத்தம் இருக்கிறது. பாட்டில் மட்டும் திரும்பி வருவதில்லை. குறி மிஞ்சிவிட்டது, காரியம் போய்விட்டது. நல்ல வடிவமைப்பு என்று நம் முன்னால் எதை வைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: குடித்து முடித்தபின் இது யார் கைக்குப் போகிறது?