வேலையை மறுப்பது சோம்பலா? தலித் இளைஞர்களும் வேலையின்மை உதவித்தொகையும்

"இலவசங்களைக் கொடுத்து இளைஞர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள், களையெடுக்கக்கூட ஆள் கிடைப்பதில்லை" என்னும் பேச்சைத் தேநீர்க் கடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் நாம் தொடர்ந்து கேட்டுவருகிறோம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆள் தேவைப்படுபவர்கள். வேலை தேவைப்படுபவர்கள் அல்லர். பட்டம் பெற்று ஊரில் இருக்கும் தலித் இளைஞரைப் பற்றிப் பேசும்போது இக்குற்றச்சாட்டு இன்னொரு வடிவம் கொள்கிறது. "நாலெழுத்துப் படித்துவிட்டால் வயலில் இறங்க மாட்டானா?" என்று கேட்பவர், அந்த இளைஞருக்குரிய இடம் வயல்தான் என்று முன்பே முடிவுசெய்துவிட்டார்.

எந்த வேலையையும் எந்தக் கூலிக்கும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை நம் சட்டம் ஏற்கவில்லை. சில வேலைகளை மறுப்பதற்கு அது வெளிப்படையான பாதுகாப்பையே தருகிறது. அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் பொருள்பெற வேண்டுமானால், மறுப்பவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வேலையின்மை உதவித்தொகையை இந்தக் கோணத்திலிருந்தே நாம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அதற்கான சட்ட விவரங்களையும் தமிழ்நாட்டின் நடைமுறையையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அரசமைப்புச் சட்டம் சொல்வது

வேலை பெறும் உரிமைக்கும், வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கும் அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வகைசெய்ய வேண்டும் என்று உறுப்பு 41 கூறுகிறது. இது அரசுக்கான வழிகாட்டு நெறிகளுள் ஒன்று. இதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் உதவித்தொகை கோர முடியாது. ஆயினும் இந்நெறிகள் ஆட்சிக்கு அடிப்படையானவை என்றும், சட்டமியற்றும்போது அவற்றைப் பின்பற்றுவது அரசின் கடமை என்றும் உறுப்பு 37 சொல்கிறது. மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர் வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, உறுப்பு 41ஐயும் துணைக்கொண்டது.

இதைவிட நமக்கு நெருக்கமானது 1982ஆம் ஆண்டின் மக்கள் ஜனநாயக உரிமைச் சங்க வழக்கு. தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணிகளில் அமர்த்தப்பட்ட தொழிலாளர்களைப் பற்றியது அது. குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, உறுப்பு 23 தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயம் என்பது அடித்து வேலை வாங்குவது மட்டுமன்று. வேறு வழியில்லாத வறுமையும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம். குறைந்த கூலிக்கு வர மறுக்கும் இளைஞரைச் சோம்பேறி என்று அழைப்பவர்கள் இத்தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

மறுக்கும் உரிமை

தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் துப்புரவுப் பணி செய்யவோ, இறந்த விலங்கை அகற்றவோ, தோலுரிக்கவோ, அவை போன்ற வேறு பணிகளைச் செய்யவோ கட்டாயப்படுத்துவது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப் பிரிவு 7ஏ-யின்படி குற்றம். பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம் இன்னும் விரிவானது. கட்டாய உழைப்பு, பிணங்களை அகற்றச் செய்தல், குழி தோண்டச் செய்தல், கையால் மலம் அள்ளச் செய்தல் ஆகியவற்றை அது வன்கொடுமைகளாகப் பட்டியலிடுகிறது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அதே பிரிவு 3(1)இல் குற்றங்களே. அதாவது, சாவு வேலைக்கு வர மறுத்த குடும்பத்துக்கு வயல் வேலையும் கடைச் சாமானும் தர மறுத்தால், அந்தத் தண்டனையே வழக்குக்குரிய குற்றமாகிறது.

கழிவுநீர்க் குழாய்களிலும் நச்சுத் தொட்டிகளிலும் பாதுகாப்பின்றி ஆட்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் தடைசெய்கிறது. இத்தொழிலிலிருந்து விடுபடுவோருக்கான மறுவாழ்வுத் திட்டத்தில் ஒருமுறை ரொக்க உதவியாக வழங்கப்படுவது 40,000 ரூபாய். தொட்டிக்குள் இறங்கி இறந்தால் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இறந்தபின் கிடைக்கும் தொகைக்கும், உயிரோடு வெளியேறக் கிடைக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்.

சாதி உண்டாக்கும் வேலையின்மை

ஒரு தொழில் நலிவடையும்போது அதில் இருப்பவர் வேறு தொழிலுக்கு மாற இயலாதவாறு சாதி தடுக்கிறது. ஆகவே வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே வாதிட்டார். பிறப்பால் ஒதுக்கப்பட்ட, இழிவானதாகக் கருதப்படும் தொழிலின் மீது மனிதருக்கு வெறுப்பும் விலகும் விருப்பமும் தோன்றுவது இயல்பு என்றும் அவர் சுட்டினார். இன்று "மனப்பான்மைக் குறைபாடு" என்று பேசப்படுவதன் வேரை அவர் அன்றே காட்டிவிட்டார்.

மாற முயல்பவர்களுக்கு என்ன நேர்கிறது? சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயருடன் ஒப்பிடுகையில் தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. தமிழ்நாட்டில் நம் பெயரின் பின்னால் சாதிப் பெயர் இல்லை. ஆனால் முகவரியில் "காலனி" இருக்கிறது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்ததே, அச்சொல் செய்துவந்த வேலைக்குச் சான்று.

உதவித்தொகை: எவ்வளவு, யாருக்கு?

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை மாதமொன்றுக்குப் பின்வருமாறு வழங்கப்படுகிறது: பத்தாம் வகுப்பில் தோல்வியுற்றவருக்கு 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் நிறைவடைந்திருக்க வேண்டும். பதிவு தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். வயது வரம்பு பொதுவாக 40. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் காலமும் கூடுதல். பதிந்து ஓராண்டு ஆனால் போதும்.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். பட்டதாரிக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 20 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 21,600 ரூபாய். 21 வயதில் பட்டம் பெற்றுப் பதிபவருக்கு முதல் தவணை கிடைக்க 26 வயதாகிவிடும். வீட்டில் ஒருவர் மட்டும் நாளுக்கு 250 ரூபாய்க்கு மாதம் 25 நாள் கூலி வேலை செய்தால்கூட ஆண்டு வருமானம் 75,000 ரூபாய். அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. இத்தொகை ஒருவரைச் சோம்பேறியாக்கும் என்று எவரேனும் வாதிட்டால், அவரை 20 ரூபாயில் ஒருநாள் வாழ்ந்து பார்க்கச் சொல்வோம்.

அரசுப் பணிக்கான காத்திருப்பு

"அரசு வேலைதான் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. 2024ஆம் ஆண்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். இந்த ஓட்டத்தில் பல இளைஞர்களின் இருபதுகள் கரைந்துபோகின்றன என்பதை நாமும் மறுக்கவில்லை. பயிற்சி மையக் கட்டணத்துக்காக நகை அடகுக்குப் போகும் வீடுகளும் உண்டு. இதை நம் இளைஞர்களிடம் வெளிப்படையாகப் பேசவும் வேண்டும்.

ஆனால் காரணத்தையும் சேர்த்தே பேச வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு இருப்பது அரசுப் பணிகளில் மட்டுமே. தனியார் துறைக்கு உறுப்பு 16(4) பொருந்தாது. கிராம நிர்வாக அலுவலராக வரும் தலித் பெண்ணின் கையொப்பத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் காத்திருக்க வேண்டும். இந்த மாற்றத்தைத் தரும் வேறு வேலை நம் ஊர்களில் அரிது. இதற்காகக் காத்திருப்பதைச் சோம்பல் என்பது அநீதி. அந்த வாயிலும் சுருங்கிவருகிறது. நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்த முறைக்கு மாறும்போது இடஒதுக்கீடு மறைகிறது. தூய்மைப் பணியில் மட்டும் சாதி அப்படியே நீடிக்கிறது. போவது பணிப் பாதுகாப்பும் ஊதியமும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் போராடியது தனியார்மயத்தின் இந்த விளைவை எதிர்த்தே.

செய்ய வேண்டியவை

தகுதியுள்ளவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தயக்கமின்றி விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை பெறுவதால் வேலைவாய்ப்புப் பதிவு இரத்தாகாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறவாதீர்கள். அது அறுபட்டால் காத்திருந்த ஆண்டுகளும் வீணாகக்கூடும். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நிலையையும் மாவட்டத்தில் பயன்பெறும் பட்டியல் சாதியினரின் எண்ணிக்கையையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சாதி வேலையை மறுத்ததற்காக மிரட்டலோ புறக்கணிப்போ நேர்ந்தால், நாள், இடம், சொல்லப்பட்ட சொற்கள், சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் அளியுங்கள்.

இயக்கங்களாக நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. உதவித்தொகையைக் குறைந்தபட்சக் கூலியுடன் இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். ஐந்து ஆண்டுக் காத்திருப்பை ஓராண்டாகக் குறைக்க வேண்டும். 72,000 ரூபாய் வரம்பை, கல்லூரி உதவித்தொகைக்கு உள்ளதுபோல் 2.5 இலட்சமாக உயர்த்த வேண்டும். மகளிருக்கான மாதாந்தர 1,000 ரூபாய்க்குத் தமிழ்நாடு அரசே "உரிமைத்தொகை" என்று பெயரிட்டுள்ளது. வேலையற்ற இளைஞருக்குத் தருவதையும் அப்பெயரால் அழைப்பதே பொருத்தம். தந்தை செய்த வேலைக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லும் பிள்ளைக்கு, அடுத்த வேலை கிடைக்கும்வரை அச்சொல்லில் உறுதியாக நிற்க அத்தொகை துணைசெய்ய வேண்டும்.