என்னத்துக்கு இந்தக் கத்தி?

நாஞ்சில் நாட்டில் நல்ல வேட்டைக் கத்தி வாங்கப் புறப்படுகிறவர் கடை கடையாக ஏறி இறங்குவதில் பயன் இல்லை. அவர் போக வேண்டிய இடம் கொல்லன் பட்டறை. அங்கேயும், "வேட்டைக் கத்தி ஒன்று வேண்டும்" என்று சொன்னால் போதாது. துருத்தியை நிறுத்திவிட்டுக் கொல்லர் கேட்பார்: "என்னத்துக்காக்கும், அண்ணாச்சி?"

இந்தக் கேள்விக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது.

கதிர் அறுக்கக் கருக்கரிவாள். பனையேறியின் அருவாப்பெட்டியில் பாளை சீவும் அரிவாள். சில்லறை வேலைக்குப் பிச்சாத்தி. மட்டைக்கும் மரத்துக்கும் வெட்டுகத்தி. மிளாவையும் காட்டுப்பன்றியையும் தேடி மலை ஏறியவன் இடுப்பில் இருந்ததும் வெட்டுகத்திதான். மலையிலே புதர் வெட்டி வழி செய்த அதே கத்தி, வீட்டுக்கு வந்ததும் விறகு பிளந்தது. அதை ஆயுதம் என்பதா, கருவி என்பதா? இந்தச் சந்தேகம் கொல்லருக்கு வந்ததில்லை. அரசாங்கங்களுக்குத்தான் வந்தது.

1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனியை மார்த்தாண்ட வர்மா முறியடித்தார். அங்கே சிறைப்பட்ட டிலனாய் பிற்பாடு மகாராஜாவுக்கே தளபதியானார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை எழுந்தது. அது அரசாங்கத்தின் உலை. கொல்லருடையதோ ஊராரின் உலை. இரண்டில் எது நிலைத்தது, பாருங்கள்!

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, திருநெல்வேலிச் சீமையில், பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும். ஜனங்கள் ஆயுதம் தரிக்கக் கூடாது. 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயை அடக்கவென்று கம்பெனிப் பட்டாளம் அதே கணவாயைத் தாண்டி மேற்கே வந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமலே விழுந்தன. பீரங்கி உலை பழங்கதையாயிற்று. கொல்லன் உலை அணையவில்லை. அரிவாளைப் பறித்தால் அறுவடை ஏது? அறுவடை இல்லாவிட்டால் வரி ஏது? வெள்ளைக்காரனுக்குக் கணக்குத் தெரியும்.

சுதந்திர இந்தியா 1959-ல் இயற்றிய ஆயுதச் சட்டமும் இதைத்தான் ஒப்புக்கொண்டது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருள் அந்தச் சட்டத்தின்படி ஆயுதம் ஆகாது. அதாவது, கத்தியைப் பார்த்துச் சொல்வதற்கில்லை; என்னத்துக்கு என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும்!

குடகு நாட்டில் கதை வேறு. கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே விலக்குக் கிடைத்தது. கல்யாண மாப்பிள்ளை வெள்ளிப் பூண் கட்டிய பீச்சே கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மணவறைக்கு வருவார். பார்க்க அழகுதான். அங்கே கத்தி கௌரவத்தால் பிழைத்தது; இங்கே உழைப்பால் பிழைத்தது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை நின்றபோதும், தென்னைமரம் இருக்கிற வரையில் வெட்டுகத்திக்கு வேலை இருந்தது.

இரும்பின் கதையும் இப்படித்தான். தென்னாட்டில் மூசையில் வைத்துக் காய்ச்சிய உருக்கைப் பற்றி 1795-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் ஜார்ஜ் பியர்சன் கட்டுரை வாசித்தார். அந்தப் புகழ் உலைகளைக் காப்பாற்றவில்லை. சீமை இரும்பு கப்பலில் வந்து இறங்கியதும் அவை ஒவ்வொன்றாக அவிந்தன. இன்று கொல்லர் கையில் இருப்பது பழைய லாரியின் வில் பட்டை. அதைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, வெட்டுவாயைத் துவைச்சல் செய்கிறார். துவைச்சல் மிஞ்சினால் வாய் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். தேங்காய்க்கு ஒரு பதம், பனைக்கு வேறு பதம். எந்த வேலைக்கு என்று தெரியாமல் எந்தப் பதத்தில் நிறுத்துவது?

2021-ல் தமிழ்நாட்டுப் போலீஸார் பட்டறைக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்கள்: வாங்குகிறவர் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர், எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். கொலைகள் மலிந்த காலத்தில் இதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கொல்லர் முன்பு கேட்டது கத்தியின் பதத்துக்காக; இப்போது கேட்பது நோட்டுப் புத்தகத்துக்காக. ஆளைத் தெரிந்து விற்ற காலம் போய், விலாசத்தைத் தெரிந்து விற்கிற காலம் வந்துவிட்டது. மிஷினில் வெட்டி அட்டைப் பெட்டியில் வருகிற கத்தியோ யாரையும் எதுவும் கேட்பதில்லை. விலையும் சல்லிசு. பட்டறைக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இரண்டு நூற்றாண்டாக எந்தப் பிரகடனத்தாலும் அணைக்க முடியாத உலையை அந்த அட்டைப் பெட்டி அணைத்துவிடும் போலிருக்கிறது.