பசியும் பருமனும்: அமெரிக்கப் பாடசாலை உணவின் வரலாறு

பசியைப் பிணியென்று கண்டது நம் மரபு. பசித்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே வாங்கில் அருகருகே அமர்ந்திருக்கும் காட்சியோ இக்காலத்துக்கு உரியது. செல்வம் மிகுந்த ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை மதிய போசன வரலாற்றை நோக்குவோமாயின் இவ்வுண்மை நன்கு புலப்படும்.

1930களில் அந்நாட்டைப் பெரும் பொருளாதார மந்தம் பீடித்தது. ஒருபுறம் விலைபோகாத விளைபொருள். மறுபுறம் உணவில்லாப் பிள்ளைகள். 1935 இல் இயற்றப்பெற்ற சட்டமொன்றின் துணைகொண்டு அரசாங்கம் மிகுந்த விளைச்சலை வாங்கிப் பாடசாலைகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டது. படைக்கு அழைக்கப்பெற்ற வாலிபர் பலர் உடற்றகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இளமையில் நல்லுணவு பெறாமையும் அதற்கொரு காரணமென அறிந்தோர் எடுத்துரைத்தனர். 1946 ஆம் ஆண்டு யூன் 4 ஆந் திகதி ஜனாதிபதி ட்றூமன் தேசியப் பாடசாலை மதிய போசனச் சட்டத்திற் கையொப்பமிட்டார். பிள்ளைகளின் உடல்நலத்தைத் தேசப் பாதுகாப்போடு இணைத்துக் கூறியது அச்சட்டம்.

அன்றைய முழு உணவுக்குரிய விதி யாது? அரைப் பைந்து பால், 2 அவுன்சு இறைச்சி அல்லது அதற்கீடான உணவு, முக்காற் கோப்பை காய்கனி, ஒரு பங்கு பாண், 2 தேக்கரண்டி வெண்ணெய். விதி நன்றே, ஆயினும் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அத்தட்டு எட்டவில்லை. இலவச உணவு எவர்க்கு உரியதென்பதை அவ்வவ்விடத்தாரே தத்தம் எண்ணப்படி தீர்மானித்தனர். 1970 இல் நிறைவேறிய சட்டமே நாடெங்கும் ஒரே அளவுகோலை வகுத்தது. இலவசமாக உண்ணும் பிள்ளையைப் பிறரறிய வேறுபடுத்திக் காட்டுவதையும் அது தடுத்தது.

இதற்கிடையே மற்றைப் பிணி வளர்ந்தது. 1960களின் முற்பகுதியில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேரே மிகைப்பருமன் உற்றிருந்தனர். 2010 அளவில் அத்தொகை 18 ஆயிற்று. அவ்வாண்டில் ஓய்வுபெற்ற படைத்தலைவர்கள் மீண்டும் முறையிட்டனர். இம்முறை வாலிபர் மெலிந்தமையாலன்று, பருத்தமையாற் படைக்கு உதவார் என்றனர். அவ்வாண்டு டிசெம்பர் 13 ஆந் திகதி ஜனாதிபதி ஒபாமா புதிய சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன்படி 2012 இல் வந்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளின் மதிய உணவு 550 முதல் 650 கலோரிக்குள் அமையவேண்டுமென்றன. காய்கனியையும் முழுத்தானியத்தையும் மிகுவித்தன. வெண்ணெயை வேண்டிநின்ற திட்டமே கொழுப்புக்கு வரம்பு கட்டலாயிற்று!

பிள்ளைகளுக்குப் போதவில்லை என்ற குறை உடனே எழுந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் தானியத்துக்கும் இறைச்சிக்கும் இட்ட வாராந்த உச்சவரம்பு தளர்த்தப்பட்டது. வீட்டில் உணவற்ற பிள்ளைக்குப் பாடசாலைத் தட்டே அன்றைய பேருணவு அன்றோ? சீனியும் கொழுப்பும் மலிந்த உணவே ஏழையின் கைக்கெட்டும் இடத்திற் பசியும் பருமனும் ஒரு வீட்டிலேயே குடிபுகுகின்றன. ஆதலின் இரண்டுக்கும் மருந்து உணவைக் குறைப்பதன்று. நல்லுணவை எல்லார்க்கும் அளிப்பதே. வறிய பகுதிப் பாடசாலைகள் குடும்ப வருமானம் வினவாது யாவர்க்கும் இலவச உணவளிக்கவும் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

பந்தியில் அமர்ந்தவனை நீ யாரென்று கேளாமற் பரிமாறுவது நம் அன்னதான முறை. அகப்பை பிடிக்கும் நம் வாலிபர் இன்னுமொன்றையுங் கருதுவாராக: இலை நிறைந்ததா என்பதோடு, அதில் இட்டது உடலை வளர்க்குமா என்பதும் அறத்தின் பாற்பட்டதே.