வால் பார்த்து அறியலாகாச் சொல்

வேப்பூர்ப் பக்கத்தில், விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பணிபுரியும் ஒருவரின் மகனது ஆங்கில ஏட்டைப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 'என் தந்தை சூளையில் கடுமையாக உழைக்கிறார்' என்பதை அவன் 'மை ஃபாதர் ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மை அதை அடித்திருந்தது, காரணம் சொல்லவில்லை. 'லி' என்று முடிவது வினையடை என்ற பாடத்தை அவன் பிசகாமல் பின்பற்றினான். தமிழ் வழக்கப்படி அதை வினைக்கு முன்னே வைத்தான். விளைந்ததோ, தந்தை வேலையே செய்வதில்லை என்னும் பொருள்!

இப்பிழைக்கு வேர் அச்சிறுவனிடம் இல்லை. ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் ஈற்றில் ஓர் உயிரொலியைச் சேர்த்தாலே வினையடை பிறந்துவிடும். இடைக்காலத்தில் அந்த ஈற்றுயிர் தேய்ந்து மறையவே, 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்றவை இரண்டு பணிக்கும் ஒரே வடிவில் நின்றன. இலக்கண நூல்கள் விதிவிலக்கு என்று ஒதுக்குவன உண்மையில் பழைய விதியின் எச்சங்கள்.

'லி' விகுதியின் கதை இன்னும் சுவையானது. 'உடல், வடிவம்' எனப் பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லே விகுதியாகக் குறுகியது. பெயரடைக்கு ஒரு வடிவம், வினையடைக்கு ஈற்றுயிர் சேர்ந்த மற்றொரு வடிவம் என இருந்தவை பின்னர் ஒன்றாகச் சுருங்கின. ஆகவேதான் 'ஸ்லோலி' வினையடையாகவும் 'ஃபிரண்ட்லி' பெயரடையாகவும் நிற்கின்றன.

இந்த வகைப்பாடே ஆங்கிலத்துக்கு இரவல்தான். தியோனீசியசு திராக்சு பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டாகப் பகுத்தது. வினையோடு சேர்வது எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இலத்தீனர் மொழிபெயர்த்துக்கொண்டனர். ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து பெற்றனர்.

தமிழின் பாதை வேறு. தொல்காப்பியம் காட்டும் சொல்வகை நான்கு: பெயர், வினை, இடை, உரி. வினையடைக்கெனத் தனி இனம் அங்கில்லை. நனி, தவ போன்ற உரிச்சொற்கள் அப்பணியை ஓரளவு செய்யும். ஆனால் உரிச்சொல் பெயரையும் தழுவும். பெரும்பங்கு வினையெச்சத்துக்கே உரியது. 'மெதுவாக' என்பதிலுள்ள 'ஆக'வும் 'ஆகு' என்னும் வினையின் எச்சமே.

இவ்விரு மரபுகளும் ஒரே மனிதரிடத்தில் சந்தித்தது இந்த வட்டாரத்தில்தான். விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், ஐரோப்பியர் கற்பதற்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார்; அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தமிழில் எழுதிய தொன்னூல் விளக்கத்திலோ எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கண மரபையே கைக்கொண்டார். படிப்பவர் யார் என்பதற்கேற்ப ஒரே மொழியை இரு சட்டகங்களில் காட்டியவர் அவர். பின்னர் 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும், திராவிட மொழிகளில் வினையடையாக வழங்குவன உண்மையில் பெயர்களோ வினையின் வடிவங்களோதாம் என்று கண்டார்.

இது தமிழுக்குக் குறையா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. 'எச்சம்' என்ற பெயரே, இச்சொல் தனித்து முடியாது, முடிக்க ஒரு சொல் வேண்டும் என்று சுட்டுகிறது. சொல்லின் வாலைப் பாராமல் அது எதனோடு முடிகிறது என்று பார்ப்பது நம் மரபு. ஆங்கில வாக்கியத்திலும் அதுவே வழிகாட்டும். வினையைப் பார்த்து எப்படி, எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்டால் விடையாய் வருவது வினையடை. 'வெரி குட்' என்பதில்போல அது பெயரடையைத் தழுவி நிற்பதும் உண்டு.

கடைசியாக ஒன்று. 'ஹார்ட்லி' என்ற சொல்லுக்கும் முற்காலத்தில் 'வலிமையாக, கடுமையாக' என்ற பொருள் இருந்தது. அது 'சிரமப்பட்டு' என்றாகி, பிறகு 'அரிதாக' என மெலிந்தது. வேப்பூர்ச் சிறுவன் சில நூற்றாண்டுகள் முன்பு எழுதியிருந்தால் அவன் தந்தையின் உழைப்பு அவ்வாக்கியத்தில் பழுதின்றி நின்றிருக்கும். அடிக்கும் சிவப்பு மை இந்த ஒரு வரியையும் அருகில் எழுதியிருக்கலாம்.