வேழத்தின் நலமும் இரத்தச் சோதனையும்

திருக்கோயில் வழிபாட்டில் வேழத்துக்கு உள்ள இடம் பெரிது. கஜபூஜை கண்டே பல விழாக்கள் தொடங்குகின்றன. திருமஞ்சன நீர் யானையின்மீது எழுந்தருளி வருகின்றது. திருவீதி உலாவில் யானை முன்னே செல்கின்றது. இத்துணைச் சிறப்புடைய அவ்வுயிர், நோயுற்றால் தன் துன்பத்தை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. உணவு குறைந்து நடை தளரும்போது நோய் பெரிதும் முற்றியிருத்தல் கூடும். மறைந்து நிற்கும் அந்நோயை முன்னரே அறிய மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு அன்பர்கள் அறியத்தக்கதாகும்.

அங்க நாட்டு மன்னன் ரோமபாதனுக்குப் பாலகாப்பிய முனிவர் உரைத்ததாக அமைந்தது ஹஸ்த்யாயுர்வேதம் என்னும் வடமொழிப் பெருநூல். யானைக்கு வரும் பிணிகளையும் அவற்றுக்குரிய மருந்துகளையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. அக்கால வைத்தியரும் பாகரும் நடை, உணவு, கழிவு, தோல் ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கியே நோயறிந்தனர். கண்ணுக்குப் புலப்படாத காரணங்கள் அவர்களுக்கு எட்டவில்லை.

அக்குறை நீங்க வழி திறந்த ஆண்டு 1880. இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கான் பகுதியில் குதிரைகளும் ஒட்டகங்களும் ‘சுர்ரா’ என்னும் நோயால் மடிந்தன. கிரிபித் எவன்ஸ் என்ற படைக் கால்நடை மருத்துவர் அவற்றின் இரத்தத்தை உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். அதில் நெளிந்து திரியும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவையே நோய்க்குக் காரணம் என்ற அவர் கருத்தை அன்று ஏற்கத் தயங்கினோர் பலர். பின்னாளில் அவ்வுண்மை நிலைபெற்றது; அந்நுண்ணுயிர் அவர் பெயரையே தாங்கியது. யானைகளையும் அந்நோய் பற்றும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

யானையின் காதுமடலின் பின்புறம் ஓடும் நாளத்திலிருந்து இரத்தம் எடுப்பது வழக்கம். எடுப்பதினும் அதனைப் படித்தறிதலே அரிது. மனிதனுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. யானைக்கோ ஏறக்குறைய 30 லட்சமே. ஆனால் அவ்வணுக்கள் ஒவ்வொன்றும் மனிதனுடையதினும் பெரியது. வெள்ளையணுக்களோ மனிதனைவிட மிகுதி. ஆகவே மனிதனுக்குரிய அளவுகோலைக் கொண்டு நோக்கினால், நலமுள்ள யானையையும் சோகையுற்றது என்றும், தொற்றுக்கு ஆளானது என்றும் பிழையாகக் கருத நேரும். வெள்ளையணுக்களுள் ‘மோனோசைட்’ எனப்படுவதன் உட்கரு யானைக்குப் பெரும்பாலும் இரு பிளவாக அமைந்திருக்கும். அதனைத் தானியங்கிக் கருவிகள் வேறோர் அணுவாக எண்ணிவிடுவதும் உண்டு. எனவே பயின்ற கண்ணே இதற்குத் துணை.

இவ்வறிவின் பயன் ஒரு குட்டியின் மறைவால் உலகுக்குப் புலனாயிற்று. 1995இல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச் சாலையில் குமாரி என்னும் பதினாறு மாத ஆசிய யானைக்குட்டி திடீரென உயிர் நீத்தது. யானைக்கே உரிய ஒருவகை ஹெர்ப்பிஸ் வைரஸே இத்தகைய மரணங்களுக்குக் காரணம் என 1999இல் அறிஞர் வெளியிட்டனர். தென்னிந்தியக் காடுகளிலும் யானைக்கன்றுகள் அந்நோயால் இறந்தமையை 2013இல் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது. குறிகள் வெளிப்பட்டபின் ஓரிரு நாளிலேயே உயிர் பிரிவதுண்டு. ஆயினும் அதற்கு முன்பே இரத்தத்தில் வைரஸின் சுவடு தோன்றும். மோனோசைட்டுகளும், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் குறையும். அக்குறிப்பை உணர்ந்து உடனே மருந்தும், நலமுள்ள யானையின் பிளாஸ்மாவும் செலுத்தப்பட்டதால் பிழைத்த குட்டிகள் உண்டு.

ஆனால் ‘குறைந்தது’ என்று கூற, முன்பு இருந்த அளவு தெரிந்திருத்தல் வேண்டும். வயதாலும் இடத்தாலும் உணவாலும் அளவுகள் வேறுபடும். ஓர் யானையின் இன்றைய இரத்தத்தை ஒப்பிடற்குச் சிறந்தது, அவ்யானையே நலமாயிருந்த நாளில் எடுத்த இரத்தக் கணக்குத்தான். தமிழகத்தில் 2003இல் முதுமலையில் திருக்கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் தொடங்கியபோது, பல ஊர் யானைகள் ஓரிடத்தில் மருத்துவர் பார்வைக்கு வந்தன. அத்தகைய வாய்ப்பு ஆண்டு முழுதும் கிட்டுவதன்று. ஆதலின் ஒவ்வொரு கோயிலிலும் தனிப்பதிவேடு இருத்தல் நலம்.

முகபடாமும் வெள்ளிமணியும் காணிக்கையாகத் தரும் அன்பர்கள் பலர். தவறாமல் நடக்கும் இரத்தச் சோதனைக்கும் அதன் பதிவேட்டுக்கும் பொருள் உதவுவது, கண்ணுக்குத் தோன்றாத அணிகலன் ஒன்றை அவ்வுயிருக்கு அணிவிப்பதாகும். வாய்பேசா வேழத்தின் துன்பத்தைக் காலத்தே அறிந்து களைதலும் திருக்கோயில் கைங்கரியமே.