லாக்கு திறக்கும்வரை

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். மரக்காணம் உப்புக்கு. 1993 வரைக்கும் ரெண்டும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம்தான். மாவட்ட வரலாறு எழுதுறவங்க கோயிலையும் கோட்டையையும் கலெக்டரையும் எழுதுவாங்க. மண் பிசைஞ்சவனையும் உப்பு வாரினவனையும் எழுத மாட்டாங்க. உப்பு போன வழியை வெட்டினவங்களைப் பற்றியும் அதே மௌனம்தான்.

அந்த வழி பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். 1806-இல் பசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னைக்கு வடக்கே தொடங்கியது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைப் பாய் கட்டியும் கழி ஊன்றியும், கரையில் ஆள் நடந்து கயிற்றால் இழுத்தும் ஓட்டினார்கள்.

கால்வாய் ஆறுகளைக் கடக்கும் இடங்களில் லாக்கு கட்டினார்கள். ரெண்டு முனையிலும் கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மதகு வழியாகத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மட்டம் சமமானதும் முன்கதவைத் திறப்பார்கள். இந்தப் பக்கத்துப் படகு வெளியேறினால்தான் எதிரே நிற்பது நுழைய முடியும். ஆற்று மட்டம் கடலேற்றத்துக்கும் வெள்ளத்துக்கும் மாறும். படகுக்காரன் காத்துக் கிடப்பான். முறை வந்தால் போவான்.

படகுக்கு முறை வைத்த அரசு, வெட்டியவனுக்கு என்ன வைத்தது?

தாது வருஷப் பஞ்சம், 1876–78. முதலில் விழுந்தது நிலமில்லாத கூலிச் சனம், சேரிச் சனம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைகளின் கூலியைக் குறைத்தார்: ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். அந்த வருஷமே கூலி கொஞ்சம் உயர்ந்தது. அதற்குள் செத்தவர்கள் செத்துப்போனார்கள். கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பேரை வைத்தார்கள்.

ரயிலும் ரோடும் வந்த பிறகு படகு குறைந்தது. 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னையில் அது சாக்கடையானது. கரையில் குடிசை போட்டவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்றார்கள். 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்கு அதே கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டார்கள். அதற்கு 'வளர்ச்சி' என்று பேர். 2008-இல் கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள்.

மறுபடி படகு விடுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், கரையில் இருக்கிறவர்களின் வீட்டையும் கணக்கில் எழுத வேண்டும். நாமும் சும்மா இருக்கக் கூடாது. மரக்காணத்திலும் கால்வாயோர ஊர்களிலும் உப்பு சுமந்த, கயிறு இழுத்த குடும்பங்களின் கிழவன் கிழவிகளிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் சொல்லாமல் அந்தக் கால்வாயின் வரலாறு முழுசாகாது.